பெட்டிக்குள் என்ன இருக்கிறது? குறைந்த விலைக் கம்ப்யூட்டர் வாங்கும் முன்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



மாலை நேரப் படிப்பு அறைக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதிலேயே என் வேலைக் காலம் முழுவதும் போயிருக்கிறது. அந்த உரிமையில் பேசுகிறேன். வீட்டுக்கு வாங்க நினைப்பவர்களுக்கும் இதில் பாதி பயன்படும்.

முதலில் நம் கணக்கு. பொங்கல் விழாவில் படிப்பு அறைக்கென்று சேர்ந்த தொகை 80,000 ரூபாய். அறைக்கு வருபவர்கள் நம் காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள் ஆகியோரின் பிள்ளைகள் பதினொரு பேர். அறை திறந்திருப்பது மாலை ஆறு முதல் எட்டரை வரை. மூன்று பேர் பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்திருக்கிறார்கள். பாடம் பைத்தான், வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. புரோகிராமை நோட்டில் எழுதிவிட்டு, அது ஓடுமா ஓடாதா என்று தெரியாமலே தூங்கப் போகிறார்கள். பொதுத் தேர்வு நெருங்குகிறது, அதனால் இன்றே முடிவெடுத்தால் நல்லது.

வந்திருக்கும் கொட்டேஷன் மூன்று. முதல் கடையில் ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 19 அங்குல மானிட்டர், கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் எல்லாம் சேர்த்து 15,500 ரூபாய். நம் பணத்துக்கு ஐந்து வரும். இரண்டாவது, பெயர் பெற்ற கம்பெனியின் புது மெஷின்: பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி, 512 ஜிபி, மானிட்டருடன் 38,000. இரண்டுதான் வரும். மூன்றாவது, அலுவலகத்தில் ஓடி, சரிபார்த்து மறுவிற்பனைக்கு வந்த ரீஃபர்பிஷ்டு மெஷின்: எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, 256 ஜிபி, மானிட்டருடன் 19,500. நான்கு வரும்.

நம் வாட்ஸ்அப் குழுவில் முதல் கொட்டேஷனுக்கு விழுந்த கட்டைவிரல்களை நானும் எண்ணிப் பார்த்தேன். ஐ7, 16 ஜிபி, 15,500, அதுவும் ஐந்து மெஷின் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் பேசியவர்களுக்கு இது புரியும். 21 ஐட்டம் என்று அட்டையில் அச்சடித்துத் தருவார்கள். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள், அது எத்தனையாவது சூடு என்பது அட்டையில் இருக்காது. குறைந்த விலைக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் தயாராகிறது. விளம்பரத்தில் எண்ணாகத் தெரிபவை மூன்று: பிராசஸர் பெயர், ராம் அளவு, டிஸ்க் அளவு. அந்த மூன்றையும் பெரிதாகக் காட்டிவிட்டு, எண் போடாத இடத்தில் மிச்சம் பிடிப்பார்கள். எண் போடாத இடங்கள் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, எஸ்எஸ்டியின் தரம், விண்டோஸ் லைசென்ஸ், பில்.

பிராசஸரிலிருந்து தொடங்குகிறேன். ஐ7 என்பது முழுப் பெயரல்ல. "ராமசாமி பேரன்" என்று சொல்வது போலத்தான். எந்தப் பேரன் என்று கேட்க வேண்டும். ஐ3, ஐ5, ஐ7 பெயருக்குப் பின்னால் ஓர் எண் வரும். ஐ7-2600 என்றால் முதல் இலக்கம் 2, அது இரண்டாம் தலைமுறை. ஐ5-8500 எட்டாம் தலைமுறை. ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை. (இப்போது வரும் புதியவற்றில் இன்டெல் அந்த 'ஐ' எழுத்தையே எடுத்துவிட்டு, கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று பெயர் வைத்திருக்கிறது. நம் பட்ஜெட்டுக்கு அந்தக் குழப்பம் இன்னும் வந்து சேரவில்லை.)

முதல் கடைக்கு நான் போன் செய்து முழு எண் கேட்டேன். இரண்டு முறை "ஐ7 சார், ஐ7" என்றார்கள். மூன்றாவது முறை சொன்னார்கள்: ஐ7-2600. அது சந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில். அப்போது நம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இரண்டு வயது இருக்கும்.

தப்பாக நினைக்க வேண்டாம், அந்தக் காலத்தில் அது அருமையான பிராசஸர். பிராசஸர் லேசில் சாகாது, இன்றும் ஓடும். ஆனால் ஐ7 என்ற பெயருக்காக யாரும் கூடுதல் காசு தரத் தேவையில்லை. ஐ7-2600-இல் நான்கு கோர், எட்டு த்ரெட். ஐ3-12100-இலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலை மிக அதிகம். ஐ5-8500-இல் ஆறு கோர். மின்சாரக் கணக்கிலும் பழையதற்கு இன்டெல் குறித்த அளவு 95 வாட், ஐ5-8500-க்கு 65 வாட். ஆகவே ஐ3 என்று கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம், ஐ7 என்றதும் மயங்கவும் வேண்டாம்.

இன்னொரு நியாயமும் சொல்ல வேண்டும். பைத்தான் பழகுவதற்கும், லிப்ரே ஆபீஸில் கடிதம் அடிப்பதற்கும், பாட வீடியோ பார்ப்பதற்கும் அந்தப் பழைய ஐ7-இன் வேகம் போதும். வேகத்தைக் காரணம் காட்டி முதல் கொட்டேஷனைத் தள்ளினால் அது சரியான வாதமல்ல. என் கவலை வேறு: அந்த மெஷின் எத்தனை நாள் ஓடும், நின்றால் யார் சரி செய்வார்கள்?

இங்கேதான் எஸ்எம்பிஎஸ் வருகிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி அது. மெஷினுக்குள் போகும் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. ஆனால் யாரும் கேட்பதில்லை. கேட்டால் "450 வாட் சார்" என்பார்கள். அந்த 450-ஐ நம்பாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டில்தான். 12 வோல்ட், 10 ஆம்பியர் என்று போட்டிருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், 120 வாட். மீதி 330 வாட் அந்த 12 வோல்ட்டில் கிடைக்காது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் 80 பிளஸ் என்ற தரச்சான்று இருக்கும். உள்ளே வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தை வீணாக்காமல் தருகிறது என்று அர்த்தம்.

பி பிளாக்கில் ஒரு வீட்டுக்கு நடந்ததை அவர்கள் அனுமதியோடு சொல்கிறேன். மகள் சி.ஏ. படிப்புக்காக இதே மாதிரி ஒரு மெஷின் 14,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். ஓராண்டு வாரன்டி. பதினான்காவது மாதம் ஒரு மாலை சின்னதாக 'டப்' என்று சத்தம், கருகல் வாடை, அவ்வளவுதான். என்னைக் கூப்பிட்டார்கள். எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தால் தேங்காய் மூடி கனம்கூட இல்லை. என் வேலைக் காலத்தில் 'செத்துப்போச்சு' என்று வந்த எத்தனையோ மெஷின்கள் எஸ்எம்பிஎஸ் மாற்றியதும் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. இது எழவில்லை, போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அந்த மதர்போர்டில் கம்பெனி பெயரே இல்லை. வாங்கிய கடையில் "அந்த மாடல் இப்ப வர்றதில்லை" என்றார்கள். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. அவசரத்தில் வேறு மெஷின் வாங்கினார்கள். 14,000 ரூபாயைப் பதினான்கு மாதத்தால் வகுத்தால் மாதம் ஆயிரம் ரூபாய் வாடகை கட்டியது போல ஆயிற்று.

முதல் கொட்டேஷன் மெஷினிலும் மதர்போர்டு அதே ஜாதிதான்: ஹெச்61. இன்டெல் அந்தச் சிப்செட்டை வெளியிட்டது 2011-இல். பெயர் தெரியாத தயாரிப்பாளர்கள் அதை வைத்துப் புது போர்டு இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய பிராசஸர், புது போர்டு, புது கேபினெட் என்று சேர்த்து 'பிராண்ட் நியூ' என்று விற்கிறார்கள். வெளியே வண்ண விளக்கு வேறு எரியும். பிள்ளைகளுக்கு விளக்கு பிடிக்கும், மறுக்கவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 16 ஜிபி ராம் நல்லதுதான். ஆனால் அந்தப் போர்டில் போடுவது டிடிஆர்3, நாளைக்கு வேறு மெஷினுக்கு எடுத்துப் போட முடியாது. எஸ்எஸ்டியில் கம்பெனிப் பெயர் இல்லாவிட்டால், 512 என்ற எண்ணைவிடப் பெயர் தெரிந்த 256 மேல்.

விண்டோஸ் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகிப்பாளர்களுக்குத் தரும் கூடுதல் பாதுகாப்புத் திட்டமும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11-க்கோ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசஸரும் வேண்டும். இரண்டாம் தலைமுறை மெஷினில் விண்டோஸ் 11 ஓடுகிறதென்றால், அதைக் கொல்லைப்புற வழியாக ஏற்றியிருக்கிறார்கள். ஓடும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதம் இல்லை. வங்கிக் கணக்கு திறப்பவர்கள் அப்படிப்பட்ட மெஷினில் திறக்காமல் இருப்பது நல்லது. படிப்பு அறைக்கு லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்று ஏ பிளாக் அம்மா ஒருவர் கேட்டார்கள். தாராளமாகப் போடலாம், உபுண்டுவில் பைத்தான் சேர்ந்தே வரும், தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு. ஆனால் அறையில் சொல்லிக்கொடுக்க வரும் நம் தன்னார்வலர்களில் பலருக்கு விண்டோஸ்தான் பழக்கம். இரண்டும் ஓடக்கூடிய மெஷினாக வாங்கிவிட்டால் பேச்சே இல்லை.

இப்போது இரண்டாவது கொட்டேஷன், 38,000 ரூபாய் மெஷின். மூன்றில் சிறந்தது அதுதான், சந்தேகமில்லை. ஒரிஜினல் விண்டோஸ், வீட்டுக்கே வந்து பார்க்கும் ஓராண்டு வாரன்டி, பெயர் சொல்லக்கூடிய உதிரிபாகங்கள். பெரிய கம்பெனிகளும் மிச்சம் பிடிக்கத்தான் செய்கின்றன: இரண்டு 4 ஜிபி போட வேண்டிய இடத்தில் ஒற்றை 8 ஜிபி ராம் போடுவார்கள், ஒற்றை ராம் என்றால் பிராசஸர் நினைவகத்தோடு ஒரே வழியில் பேச வேண்டியிருக்கும், கொஞ்சம் வேகம் குறையும். பிறகு இன்னொன்று சேர்த்தால் சரியாகிவிடும். சென்ற ஆண்டுக் கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருப்பதால் அதை இப்போது செய்யச் சொல்ல மாட்டேன்.

சிக்கல் மெஷினில் இல்லை, எண்ணிக்கையில். அறை திறந்திருப்பது 150 நிமிடம். இரண்டு மெஷினைப் பதினொரு பிள்ளைகள் பங்கிட்டால் ஆளுக்கு 27 நிமிடம். நான்கு மெஷின் என்றால் 54 நிமிடம். ஐந்து என்றால் 68. ஐந்தில் இரண்டு படுத்துவிட்டால் 41. இந்த நிமிடங்களைத்தான் நாம் உண்மையில் வாங்குகிறோம். எனவே எத்தனை மெஷின் வருகிறது என்பதோடு, மூன்று வருடம் கழித்து எத்தனை ஓடிக்கொண்டிருக்கும் என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவதுக்கு வருகிறேன். 'செகண்ட் ஹேண்டா?' என்று சிலர் முகத்தில் தெரிகிறது. ஆமாம், அதேதான். டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலிட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று பெயர் இருக்கும். இவை வீட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆயிரக்கணக்கில் வாங்கும் அலுவலகங்களுக்காகச் செய்தவை. கம்பெனிகள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு மொத்தமாக மாற்றும். மாற்றியவை சரிபார்க்கப்பட்டு ரிட்ச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெருக் கடைகள் வரை வந்து சேரும். இவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸில் 200 வாட், 260 வாட் என்றுதான் எழுதியிருக்கும்; ஆனால் எழுதியது வரும். கேபினெட்டைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். எந்த மாடலுக்கும் சர்வீஸ் கையேடு கம்பெனியின் இணையதளத்தில் இலவசம். ஒன்று பழுதானால் அதே மாடல் உதிரிபாகம் சந்தையில் கிடைக்கும், ஏனென்றால் அதே மாடல் நூற்றுக்கணக்கில் அங்கே கிடக்கிறது. பழுது பார்ப்பவன் கண்ணுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

குறைகளும் உண்டு. எஸ்எம்பிஎஸ் அந்தந்தக் கம்பெனியின் தனி அளவு. சாதாரணக் கடைச் சரக்கு பொருந்தாது, அதே மாடலைத்தான் தேட வேண்டும். பெரும்பாலானவற்றில் வைஃபை இருக்காது. சிலவற்றில் ஹெச்டிஎம்ஐ இல்லாமல் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கும். விசிறியில் தூசி, பிராசஸர் மேல் காய்ந்துபோன பேஸ்ட், தேதியை மறக்கும் சிறிய பேட்டரி, இவையெல்லாம் ஓர் அரை நாள் வேலை, நானே செய்துவிடுகிறேன்.

எட்டு என்ற எண்ணை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 தகுதி இல்லாததால் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களை அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. அவை 'ஐ5, ஐ7' என்ற பெயரோடு மலிவாக வரும். லினக்ஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது நல்ல பேரம். மற்றவர்கள் எட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிராசஸரின் முழுப் பெயர் இருக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்டிவிடும். பிறகு ஒரு விஷயம், கடையில் பலர் சொல்ல மாட்டார்கள். பழைய கம்பெனி பயாஸில் பாஸ்வேர்டு போட்டிருக்கலாம். எஃப்2, எஃப்10 மாதிரி விசையை அழுத்தி பயாஸுக்குள் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். அதோடு, இன்டர்நெட்டை இணைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். பழைய கம்பெனியின் பட்டியலிலிருந்து அந்த மெஷின் நீக்கப்படவில்லை என்றால், அந்தக் கம்பெனி ஊழியராக உள்நுழையச் சொல்லும். அப்படி வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு இரண்டே வார்த்தை. பேரனோடு வீடியோ காலும், வங்கி வேலையும், செய்தித்தாளும் மட்டும் என்றால், என்100 பிராசஸர் போட்ட கையடக்க மினி பிசி போதும். அந்தப் பிராசஸருக்குக் குறித்த அளவே 6 வாட்தான். பெயர் தெரிந்த கம்பெனியாகப் பாருங்கள். பையன் கேம் விளையாட வேண்டும் என்றால் இன்று பேசிய எதுவும் உதவாது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் தொடங்கி, பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்துகொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரன்டி. பெட்டியில் வரும் இன்டெல் பிராசஸருக்கு மூன்றாண்டு உண்டு.

கடைசியாக பில். முதல் கடையில் இதையும் கேட்டேன். 15,500 என்பது பில் இல்லாத விலை. பில் வேண்டுமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி தனி, அதாவது 18,290 ரூபாய். சங்கத்தின் கணக்கு ஆடிட் ஆகிறது, பில் இல்லாமல் நாம் ஒரு பல்புகூட வாங்குவதில்லை. ஐந்து மெஷினுக்கு 91,450 ஆகும். நம்மிடம் இருப்பது 80,000. ஆகவே அங்கேயும் நான்குதான் வரும், 73,160 ரூபாய்க்கு. ரீஃபர்பிஷ்டு கொட்டேஷன் ஜிஎஸ்டி உட்பட 78,000. மொத்த வித்தியாசம் 4,840 ரூபாய், ஒரு மெஷினுக்கு 1,210. அந்த ஐந்தாவது மெஷின் ஆரம்பத்திலிருந்தே இல்லை.

என் சிபாரிசு மூன்றாவது கொட்டேஷன். நான்கையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் ஒன்று வாங்கிப் பத்து நாள் பிள்ளைகள் கையில் கொடுப்போம். நன்றாக ஓடினால் அதே மாடலில் மீதி மூன்று. பில்லில் நான்கின் சீரியல் நம்பரும், வாரன்டி எத்தனை மாதம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் ஓராண்டு தருவதாக வாயால் சொல்லியிருக்கிறார். மீதமுள்ள 2,000 ரூபாயில் வைஃபை டாங்கிள்கள் வாங்கிவிடலாம்.

மெஷின் வருவதற்கு முன் எலெக்ட்ரீஷியன் அந்த அறையின் பிளக் பாயின்ட்களில் எர்த் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அது முன்பு சாமான் போட்டு வைத்த அறை. எர்த் இல்லாத பிளக்கில் போட்டால் கேபினெட்டைத் தொடும்போது விரலில் சுருக்கென்று அடிக்கும்; வெறுங்காலோடு உட்காரும் பிள்ளைகள் அவர்கள். யுபிஎஸ்ஸுக்குப் பணம் ஒதுக்கவில்லை. உங்கள் வீட்டு லாஃப்டில் பேட்டரி போன 600 விஏ யுபிஎஸ் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், காவலர் அறையில் கொடுத்து வையுங்கள். பேட்டரியை மட்டும் மாற்றி நான் ஓட வைத்துத் தருகிறேன்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.